ரெண்டும் 1030 தான்!



ஆண்டு மலரில் கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எதிர்காலத்தைப் பற்றி எழுதுவார்கள். நான் 2017-ல் வந்த ஒரு கிராபிக்ஸ் கார்டைப் பற்றி எழுதப் போகிறேன். சரியாகச் சொன்னால் இரண்டு கார்டுகள். பெயர் மட்டும் ஒன்று. அந்தப் பெயரை நம்பி ஒருவருக்கு நான் தப்பான யோசனை சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஒருநாள் தச்சு வேலை செய்கிற பெரியவர் ஒருவர் வந்தார். மகள் சிவில் டிப்ளமோ படிக்கிறாளாம். பிராஜெக்டுக்கு வீட்டு மாடல் போட்டு, அதற்குள் நாமே நடந்து போகிற மாதிரி காட்ட வேண்டுமாம். வீட்டுக் கம்ப்யூட்டர் இழுக்கவில்லை. கடையில் அன்று செகண்ட் ஹேண்டில் இரண்டு கார்டுகள் இருந்தன. இரண்டும் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் ஜி.டி. 1030. ஒன்றில் மெமரி 2 ஜி.பி., இன்னொன்றில் 4 ஜி.பி.

"எது தம்பி நல்லது?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "ரெண்டும் 1030 தாங்கய்யா. இதுல மெமரி டபுள். இதையே எடுங்க" என்றேன். "படிக்கிற புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். பேங்கிலிருந்து ஒரு காகிதம் வந்தாலும் "அவன் படிச்சவன், அவங்கிட்ட காட்டு" என்பார்கள். நான் தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அதனாலேயோ என்னவோ, தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லப் பழகிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணே கடைக்கு வந்துவிட்டது. "அண்ணா, மாடலுக்குள்ள போனா திக்கித் திக்கி நிக்குது. என் ஃபிரெண்டு வீட்லயும் இதே 1030 தான், அவளுக்கு நல்லா ஓடுதே?" என்று கேட்டது. பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று கடை சாத்தும் நேரத்தில் இரண்டு கார்டுகளையும் ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். 2 ஜி.பி. கார்டு ஓடியது, 4 ஜி.பி. கார்டு நொண்டியது. மீட்டர் எதுவும் தேவைப்படவில்லை, கண்ணுக்கே தெரிந்தது.

விஷயம் இதுதான். 2017 மே மாதம் வந்த ஜி.டி. 1030-ல் இருந்தது ஜிடிடிஆர்5 என்ற மெமரி. 2018-ல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்ட கார்டு வந்தது. டிடிஆர்4 என்பது சாதாரணமாக மதர்போர்டில் செருகுகிற வகை. பின்னால் அதிலேயே 4 ஜி.பி. வைத்தும் விற்றார்கள். சிப் என்று பார்த்தால் இரண்டிலும் 384 கோர். வேகம் ஒன்றில் 1468 மெகாஹெர்ட்ஸ், மற்றதில் 1379. ஆறு சதவீதம் சொச்சம்தான் வித்தியாசம். இதற்கு யாரும் சண்டை போட மாட்டார்கள்.

மெமரிக்கு வாருங்கள். இரண்டிலும் பாதை 64 பிட் அகலம். ஜிடிடிஆர்5-ல் ஒவ்வொரு பிட் வழியிலும் நொடிக்கு 6 ஜிகாபிட் போகும். 64-ஐ 6-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 48 ஜி.பி. டிடிஆர்4-ல் அந்த 6-க்குப் பதில் 2.1. அதே கணக்குப் போட்டால் வருவது 16.8 ஜி.பி. மூன்றில் ஒரு பங்கு சொச்சம்! மெமரி 2 ஜி.பி.யா 4 ஜி.பி.யா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை, பார்த்தீர்களா?

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். 384 கொத்தனார் சாரத்தின் மேல் நிற்கிறார்கள். கீழே கலவை மலையாகக் குவிந்து கிடக்கிறது. சட்டி தூக்கிக் கொடுக்கச் சித்தாள் மூன்றில் ஒரு பங்கு. "அப்புறம் கொத்தனாரு பீடி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்றார். நான் கடையில் பார்த்தது கலவைக் குவியலை மட்டும்தான். 2018-ல் கேமர்ஸ் நெக்சஸ் என்ற சோதனைக்காரர்கள் இரண்டையும் ஓட்டிப் பார்த்து இதைத்தான் காட்டினார்கள். பல விளையாட்டுகளில் டிடிஆர்4 கார்டுக்கு ஏறத்தாழப் பாதி வேகம்தான் வந்தது.

டிடிஆர்4 கார்டு உதவாத சாமான் என்று நான் சொல்லவில்லை. டைப் அடிக்க, படம் பார்க்க, கூட ஒரு மானிட்டர் மாட்ட அது போதும். 20 வாட்தான் கேட்கும் (மற்றது 30). இரண்டுக்குமே தனி பவர் வயர் வேண்டாம், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில்கூட மாட்டலாம். என் வழக்கு பெயரோடுதான்.

"வாங்குறவன்தாண்டா பார்த்து வாங்கணும்" என்கிறான் என் வகுப்பு நண்பன். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் 2022 செப்டம்பரில் அதே கம்பெனி ஆர்.டி.எக்ஸ். 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. 16 ஜி.பி. கார்டில் 9728 கோர், 12 ஜி.பி. கார்டில் 7680. உலகம் முழுக்கக் கத்தினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் 14-ம் தேதி பெயர் குழப்பமாக இருக்கிறது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு 12 ஜி.பி. கார்டை நிறுத்தியது. 2023 ஜனவரியில் அது 4070 டிஐ என்று வேறு பெயரில் வந்தது. அந்த 12 ஜி.பி. கார்டின் விலை 899 டாலர். அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வந்த 1030-க்கு யார் கத்துவது? அதை வாங்குகிற ஆளுக்குத் தன் கார்டு நொண்டுகிறது என்பதே தெரியாது. நம் கம்ப்யூட்டர் பழசு, அதனால்தான் என்று நினைத்துக்கொள்வார். 899 டாலர்காரனுக்குப் பெயரை மாற்ற முடிந்தால் 1030-க்கும் மாற்றியிருக்கலாம். இது என் கருத்து, மாற்றுக் கருத்து இருந்தால் கேன்டீனில் பேசலாம்.

அந்தப் பெரியவரை வரச்சொல்லி, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். முதலாளி 2 ஜி.பி. கார்டை மாற்றிக் கொடுத்தார். விலை குறைவு என்பதால் பெரியவருக்கு 300 ரூபாய் திரும்பக் கிடைத்தது. விலை குறைந்த பொருள் எப்படி நன்றாக ஓடும் என்று கடைசி வரை சந்தேகமாகவே பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது யார் கார்டு கேட்டாலும் ஜி.பி.யு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, மெமரி டைப், பேண்ட்விட்த் என்ற இரண்டு வரிகளையும் காட்டிவிட்டுத்தான் விலை சொல்கிறேன். நம் லேபுக்கு அடுத்த கல்வியாண்டில் புது கம்ப்யூட்டர் வாங்கப் போவதாகப் பேச்சு. கொட்டேஷன் கேட்கும் தாளில் "கிராபிக்ஸ் கார்டு, 2 ஜி.பி." என்பதோடு விடாமல் மெமரி வகையையும் நொடிக்கு எத்தனை ஜி.பி. என்பதையும் எழுதச் சொல்லி ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். சங்க அறை மேஜையில், கேரம் போர்டுக்குக் கீழே இருக்கிறது. இதுவரை பதினோரு கையெழுத்து.