கீழடி ஆட்டை அடையாளம் காண புனே வரை

வெள்ளிக்கிழமை கடலூர் மாவட்டம் வேப்பூர் ஆட்டுச்சந்தையில் வாங்க வந்தவர் முதலில் விலை கேட்பதில்லை. ஆட்டின் வாயைப் பிளந்து கீழ்த்தாடையைப் பார்ப்பார். பால் பல்லா, ரெண்டு பல்லா, நாலு பல்லா? விற்பவர் குறைத்துச் சொன்ன வயது அங்கேயே அடிபட்டுப்போகும்.

உயிர்த்தொல்லியல் படிக்கும் மாணவர், முதுமக்கள் தாழிக்குள் கிடந்த மனிதத் தாடையை வைத்துக்கொண்டு செய்வதும் ஏறக்குறைய இதேதான். எந்தப் பல் முளைத்திருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வயதைக் கணிப்பார். இடுப்பெலும்பின் அமைப்பைக் கொண்டு ஆணா பெண்ணா என்பார். பல்லின் எனாமல் சிறுவயதிலேயே உருவாகிவிடும் என்பதால், அதிலுள்ள ஸ்ட்ரான்சியத்தை அளந்து, செத்தவர் அந்த ஊரிலேயே வளர்ந்தவரா, வந்தேறியா என்றுகூடச் சொல்ல முடியும். இதற்கு உடற்கூறியலும் விலங்கியலும் வேதியியலும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ தொல்லியல் என்றதும் வரலாறு, தமிழ், கல்வெட்டு என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

விளைவு என்ன? கீழடி அகழாய்வில் கிடைத்த 70 எலும்புத் துண்டுகள் புனேயிலுள்ள டெக்கான் கல்லூரிக்குப் போயின. அவற்றில் மாடு, எருமை, ஆடு, வெளிமான் எல்லாம் இருந்தன என்று அங்கிருந்துதான் பதில் வந்தது. கரித்துண்டுகள் காலம் கணிக்க அமெரிக்காவின் ஃப்ளோரிடா ஆய்வகத்துக்குப் போயின. கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் எடுத்த இரண்டு மண்டையோடுகளுக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் முகம் வடித்துக் கொடுக்க, 2025இல் தமிழகமே அந்த முகங்களைப் பார்த்து வியந்தது.

மாதிரிகள் ஊர் ஊராகப் போவதில் குற்றமில்லை. உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. ஆனால் மாதிரியைக் குழியிலிருந்து எடுக்கும் கை எப்படிப்பட்டது என்பதிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. வெப்பமான மண்ணில் மரபணு சீக்கிரம் சிதைந்துவிடும். அரியானாவின் ராகிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்தும், ஒரே ஒரு பெண்ணின் மரபணுத் தொகுதியைத்தான் 2019இல் வெளியிட முடிந்தது. கையுறை இல்லாமல் எலும்பைத் தொட்டுவிட்டால், தொட்டவரின் மரபணுவும் அதில் ஏறிவிடும். மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபணுவியல் துறை கொந்தகை எலும்புகளில் ஈடுபட்டிருப்பதன் அருமை இங்கேதான் புரியும்.

அப்படிப்பட்ட கைகளைப் பழக்கும் படிப்பில் யாரைச் சேர்ப்பது என்ற விவாதமும் ஒருமுறை எழுந்தது. 2020 அக்டோபரில் மத்திய தொல்லியல் துறையின் முதுநிலைப் பட்டயப் படிப்புக்கான அறிவிப்பில் சேர்க்கைத் தகுதிக்கான மொழிகளாகச் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் இருந்தன, தமிழ் இல்லை. எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களில் தமிழும் மற்றச் செம்மொழிகளும் சேர்க்கப்பட்டன. நியாயமான போராட்டம், நியாயமான வெற்றி. ஆனால் விவாதம் மொழிகளோடு நின்றுவிட்டது. பல் மருத்துவம் படித்தவருக்கும் கால்நடை மருத்துவம் படித்தவருக்கும் எந்த வாசல் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

இத்தனைக்கும் இந்தத் துறையை வளர்த்ததே வேற்றுத் துறைக்காரர்கள்தான். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு நிலவியலாளர். 1940களில் குஜராத்தின் லங்நாஜில் தொல்லியலாளர் சங்காலியாவோடு சேர்ந்து எலும்புக்கூடுகளைத் தோண்டிய ஐராவதி கார்வே மானிடவியலாளர். ராஜஸ்தானின் பாலாதலில் 4,000 ஆண்டு பழைய எலும்புக்கூட்டில் தொழுநோயின் தடம் இருப்பதை 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நோய் எலும்பை எப்படி அரிக்கும் என்று தெரிந்த கண்ணுக்கே அது தட்டுப்பட்டிருக்கும்.

கடலூர் மாவட்டத்திலேயே இதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். வேப்பூரிலிருந்து பேருந்து ஏறினால் விருத்தாசலம். அங்கே அரசின் செராமிக் தொழில்நுட்பக் கல்லூரி. சூளையில் காற்று குறைந்தால் மண் கறுக்கும், காற்றுப் பட்டால் சிவக்கும் என்பது அங்கே படிப்பவர்களுக்குப் பாலபாடம். அகழாய்வுகளில் கிடைக்கும் கறுப்பு-சிவப்புப் பானை உள்ளே கறுத்தும் வெளியே சிவந்தும் இருப்பதன் சூட்சுமமும் அதுவே. கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதை 2020இல் வெளியிட்டவர்கள் வேலூர் விஐடி ஆய்வாளர்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் வரலாற்றுத் துறையும் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. பண்ருட்டி வட்டத்து மருங்கூரிலோ 2024இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது.

“படித்துவிட்டு வேலைக்கு எங்கே போவது?” என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பல் மருத்துவம் முடித்த பிள்ளை கிளினிக் வைக்காமல் குழிக்குள் இறங்கினால் எந்த வீடும் கலங்கும். எலும்பு, விதை, பானை ஓடு ஆகியவற்றை ஆராயும் பணியிடங்களை மாநிலத் துறை உருவாக்காதவரை அந்தக் கலக்கம் தீராது. ஆண்டுதோறும் பல ஊர்களில் குழி வெட்டும் அரசுக்கு இது பெரிய செலவாகிவிடாது.

பணியிடங்கள் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாநிலத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்பில் அறிவியல் பட்டதாரிகளுக்கெனச் சில இடங்களை ஒதுக்கலாம். செராமிக் மாணவரின் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு மருங்கூர் ஓடுகளைக் கொடுக்கலாம். அடுத்த அகழாய்வுப் பருவத்தில் சிதம்பரத்திலிருந்து ஒரு பல் மருத்துவ மாணவரும் விருத்தாசலத்திலிருந்து ஒரு செராமிக் மாணவரும் குழியோரம் நிற்க, பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் போதும்.