ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து இரண்டு பாதைகள்



1998 என்றால் நம் பகுதிக்காரர்களுக்கு சான்ட்ரோ நினைவுக்கு வரும். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து அந்தக் கார் சாலைக்கு வந்த ஆண்டு அது. கொரியர்களுக்கு அதே ஆண்டு வேறொன்றும் நினைவுக்கு வரும். ஜூலை மாதம் அமெரிக்க மகளிர் ஓப்பன் போட்டியில் பாக் செ-ரி என்ற இருபது வயதுப் பெண் அடித்த பந்து, குளத்தங்கரைச் சரிவில் போய் நின்றுவிட்டது. அவர் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி நின்று அந்தப் பந்தை அடித்தார், கோப்பையையும் வென்றார். பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்து தவித்துக்கொண்டிருந்த நாடு அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. பெண் பிள்ளைகளைக் கோல்ஃப் பழக அனுப்பும் வழக்கம் கொரியாவில் பரவியதற்கு அவர்தான் பெரிய காரணம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கு வரும் கொரியர்கள் பலர் துணிப்பெட்டியோடு கோல்ஃப் பையையும் இறக்குவதில் ஆச்சரியமில்லை.

அவர்களோடு ஒரே ஷாப் ஃப்ளோரில் நிற்கும் நம் இன்ஜினீயர்களும் இப்போது ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் வருகிறது, ஆடிவிட்டு வர எங்கே போகலாம்?" என்று கேட்டு எழுதுகிறீர்கள். தாய்லாந்துக்கு டிக்கெட் பார்ப்பதற்கு முன்னால் ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு நிமிடம் நில்லுங்கள் என்பதே என் பதில். வடக்கே ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பினால் வேலூர், கிருஷ்ணகிரி, சேலம், அவிநாசி வழியாக நீலகிரி. தெற்கே சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் திரும்பினால் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல். நம் வாசலிலேயே பிரியும் இந்த இரண்டு சாலைகளின் முடிவிலும் நூறாண்டு கடந்த மைதானங்கள் இருக்கின்றன.

இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிட வேண்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஊட்டியிலிருந்து கொடைக்கானலுக்குப் போக ஒரு மலையிறங்கி, கோவை, பழனி தாண்டி இன்னொரு மலை ஏற வேண்டும். ஒரு முழுப் பகல் காரிலேயே கழிந்துவிடும். மைதானங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாகத் தேர்ந்தெடுப்பதே முக்கியம். நாலு நாளுக்கு மூன்று ஆட்டம் தாராளம். பதினெட்டுக் குழிகளையும் நடந்தே முடிப்பவருக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர் ஆகும். மலையில் அதில் பாதி ஏற்றம்.

முதல் பயணத்துக்கு நான் நீலகிரிப் பாதையைத்தான் சொல்வேன். ரயிலில் போவதானால், சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியும்போது கோவை. செட்டிபாளையத்தில் இருக்கிறது கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்பின் பதினெட்டுக் குழி மைதானம். சமவெளி, சுள்ளென்ற வெயில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் அந்தக் காற்று பந்தை எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று சொல்ல முடியாது. உயர்த்தி அடிக்காமல் தாழ்வாக அடிக்கப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்த நாள் மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏறினால் குன்னூரை ஒட்டி வெல்லிங்டன் ஜிம்கானா மைதானம். ராணுவப் பகுதி என்பதால் அனுமதி விஷயத்தை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அங்கிருந்து ஊட்டி மைதானம் பக்கம்தான், ஆனால் வானிலை இரண்டுக்கும் ஒன்றல்ல. தென்மேற்குப் பருவமழை ஊட்டியைத் தாண்டி மேற்கே கூடலூர்ப் பக்கம்தான் வெளுத்து வாங்கும், குன்னூருக்கு அதில் கொஞ்சம்தான் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் கொட்டும், ஊட்டியில் வெயில்கூட எட்டிப் பார்க்கும். ஒரு பக்கம் மழை பிடித்துக்கொண்டால் ஆட்டத்தை மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே மலையில் இப்படி இரண்டு மைதானம் அமைவது அபூர்வம், அதனால் இரண்டு இடத்திலும் முன்பே பேசி வையுங்கள்.

ஊட்டி ஜிம்கானா மைதானம் 2,200 மீட்டருக்கு மேலே, வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உருவானது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடுக்கும் காற்று குறைந்தால் பந்து கூடுதல் தூரம் போகும். எட்டு சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நந்தனத்தில் காஸ்மோபாலிடன் கிளப் மைதானத்தில் நீங்கள் 150 கஜம் அடிக்கும் கிளப் இங்கே 160-ஐத் தாண்டும். முதல் நாலு குழிகளில் பந்து கிரீனைத் தாண்டிப் போய் விழுந்தால் உங்கள் ஆட்டத்தைச் சந்தேகப்பட வேண்டாம், ஒரு நம்பர் கூடுதலான, நீளம் குறைந்த கிளப்பை எடுங்கள். ஃபேர்வே ஓரத்தில் மஞ்சள் பூவோடு மண்டிக் கிடக்கும் முட்புதர் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கார்ஸ் செடி. அதற்குள் போன பந்தைத் தேடிக் கையைக் கிழித்துக்கொள்ளாதீர்கள்.

எப்போது போவது? ஆயுத பூஜை விடுமுறை மழையில் மாட்டும். ஏப்ரல், மே சீசன் கூட்டம். பொங்கல் முடிந்து தை பாதியிலிருந்து மாசி வரைதான் என் தேர்வு. காலையில் உறைபனி இருக்கும், விடியற்காலை டீ டைம் கேட்டு நச்சரிக்க வேண்டாம். உறைபனி உருகுமுன் கிரீன் மேல் கால் வைத்தால் புல் நொறுங்கி அடுத்த நாள் கருகிவிடும். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் போதும், அதுவரை வறுக்கியும் டீயும் இருக்கவே இருக்கிறது.

காரில் போகிறவர்கள் இ-பாஸை மறக்கக் கூடாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். 2025 கோடைக்கு வண்டி எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அந்த மலைச்சாலைகளின் நிலையைப் பார்த்தவர்கள் யாரும் இந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆளுக்கொரு காரில் போகாமல் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டியில் போங்கள்.

கொடைக்கானலைத் தனிப் பயணமாக, குடும்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். 1895-இல் தொடங்கிய கிளப், தூண் பாறை போகும் வழியில் இருக்கிறது. சமதளமாக நின்று அடிக்கும் வாய்ப்பு அங்கே குறைவு, ஒரு கால் மேலே ஒரு கால் கீழே என்றுதான் நிற்க வேண்டியிருக்கும். காட்டுமாடுகள் மைதானத்துக்குள் சர்வசாதாரணமாக மேயும். பந்து அவற்றின் பக்கத்தில் கிடந்தால் வீரம் காட்டாதீர்கள். ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால் தண்டனைப் புள்ளி இல்லாமல் பந்தைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிக்கொள்ள கோல்ஃப் விதி 16.2 இடம் கொடுக்கிறது.

இதற்கும் அப்பால் ஆசைப்படுகிறவர்களுக்குக் கடல் தாண்டினால் இலங்கை. 1879-இல் தொடங்கிய ராயல் கொழும்பு கிளப்பின் மைதானத்துக்குள்ளேயே களனிப் பள்ளத்தாக்கு ரயில் ஓடுகிறது. 1889-இல் தொடங்கிய நுவரெலியா மைதானம் ஊருக்கு நடுவே விரிந்து கிடக்கிறது. கண்டிக்கருகே திகனவில், விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் இன்னொன்று. இந்த மூன்றையும் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை உறுப்பினர் கிளப்புகள். நேரே போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். உங்கள் கிளப்பின் கடிதம், ஹேண்டிகேப் சான்று, காலர் வைத்த சட்டை இவை இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. ஒரு மாதம் முன்பே எழுதுங்கள்.

அப்படிப் பேசும்போதே, பை தூக்கி வழிகாட்டும் அனுபவமுள்ள கேடி அண்ணன் ஒருவரை உங்களுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். இதைக் கட்டாயமாகவே சொல்கிறேன். மலை மைதானத்தில் கண் ஏமாற்றும். ஏற்றமாகத் தெரியும் கிரீன் உண்மையில் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். கேடி அண்ணன் குழிக்கு ஒரு முழம் தள்ளி, புல்லில் ஒரு புள்ளியை விரலால் காட்டி "இங்கே விடுங்க சார்" என்பார். உங்களுக்கு நம்பிக்கை வராது, ஆனால் பந்து வளைந்து போய்க் குழியில் விழும். 2009-இல் இந்திய ஓப்பனை வென்ற பெங்களூரு சின்னசாமி முனியப்பா, பை தூக்கும் கேடியாக இருந்து ஆட்டத்தைக் கற்றவர்தான். அந்த அறிவுக்கு நாம் கொடுக்கும் கூலி குறைவு. அதில் பேரம் பேசாதீர்கள், மழையால் ஆட்டம் பாதியில் நின்றாலும் முழுக்கூலியைக் கையில் கொடுங்கள். நடுவில் டீ குடிக்கும்போது அவருக்கும் ஒன்று சொல்லுங்கள். ஒரு காலத்தில் பை தூக்கி, இன்று நம் ஆலைகளில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் மைதானத்தின் பதினெட்டுக் குழிகளைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கம் உங்களுக்கு.

அன்புடன்,
ஆசிரியர்