பார்த்தவனுக்கும் பங்குண்டு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு கிடையாது. கொல்லைப்புறத்தில் நான்கு கழிகளை நட்டு, மூன்று பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி, நான்காவது பக்கம் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டிருக்கிறோம். காற்றடித்தால் புடவை பறக்கும். ஆயினும் என் தாயும் அக்காளும் அங்கே அச்சமின்றிக் குளிக்கிறார்கள். அந்த அச்சமின்மையைத் தருவது புடவையன்று. என் தந்தை கொல்லைப்புறம் வரவேண்டுமானால் பத்தடி தொலைவிலேயே தொண்டையைச் செருமுவார். பக்கத்து வீட்டுப் பெரியவரும் அப்படியே. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தால் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தவரல்லர். 'அந்தரங்க உரிமை' என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டதுமில்லை.

நானோ எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவன். என் கைப்பேசிக்குக் கடவுச்சொல் உண்டு. கைரேகைப் பூட்டும் உண்டு. ஆனால் அந்தச் செருமல் என்னிடம் உண்டா? இக்கேள்வியை என்னை நானே கேட்டுக்கொள்ள நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, பிறகு என் கருத்தைக் கூற விரும்புகிறேன்.

ஓர் இரவு நடந்தது

சென்ற ஆண்டு ஓர் இரவு, நண்பர்கள் சிலர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் படங்கள் வந்தன. அவள் எங்கள் பக்கத்து ஊர். வேறொரு கல்லூரியில் படித்து வந்தவள். கைப்பேசியைப் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அவள் தனக்கென்று எடுத்து வைத்திருந்த படங்கள் அவை. நான் என்ன செய்தேன்? பார்த்தேன். எவருக்கும் அனுப்பவில்லை, கேலியாக ஒரு சொல்லும் எழுதவில்லை. எனவே நான் குற்றமற்றவன் என்று எண்ணிக்கொண்டு உறங்கிவிட்டேன்.

அந்தப் பெண் அதன்பின் கல்லூரிக்குப் போகவில்லை. கதை அத்துடன் முடிந்ததா? இல்லை. எங்கள் தெருவில் ப்ளஸ் டூ எழுதிவிட்டுக் கல்லூரியில் சேரக் காத்திருந்த ஒரு தங்கையின் கைப்பேசியை அவள் தகப்பனார் பிடுங்கி வைத்துக்கொண்டார். "படிக்க அனுப்பினா இப்படித்தான் ஆகும். போதும், வீட்ல இரு" என்றார். விண்ணப்பம் போடும் நாள் கடந்து போயிற்று. கொத்து வேலைக்குப் போகும் என் தந்தை அன்று மாலை வந்து இதைச் சொன்னபோது என்னால் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. திருடப்பட்டவை ஒரு பெண்ணின் படங்கள்; நின்றுபோனது இரண்டு பெண்களின் படிப்பு. நம்மைப் போன்ற முதல் தலைமுறைக் குடும்பங்களில், கல்லூரிக் கதவை மூடுவதற்கு இப்படி ஒரு செய்தி போதுமானது.

"ஏன் எடுத்தாள்?"

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி ஒன்றே: "அவள் ஏன் அப்படிப் படம் எடுத்தாள்?" இதைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெற்றோர் கேட்கிறார்கள், ஆசிரியர் கேட்கிறார்கள், பெண்களே கேட்கிறார்கள். ஆனால் களத்தில் குவித்த நெல் களவு போனால், "நீ ஏன் அறுவடை செய்தாய்?" என்று எவரேனும் கேட்டதுண்டா? பீரோவில் வைத்த நகை போனால் "நகை ஏன் வாங்கினாய்?" என்று காவலர் கேட்பாரா? படத்தைத் திருடினால் மட்டும் திருடனை விட்டுவிட்டு உடையவளை விசாரிக்கிறோம்.

எச்சரிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழுது பார்க்கக் கொடுக்குமுன் படங்களை அகற்ற வேண்டும். கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்புப் பூட்டுப் போட வேண்டும். கடவுச்சொல் கேட்டு யார் பெயரில் செய்தி வந்தாலும் நம்பக்கூடாது. ஆனால் எச்சரிக்கை வேறு, நீதி வேறு. பூட்ட மறந்த வீட்டில் நுழைந்தவனும் திருடன்தான். மேலும், இன்று ஒரு சாதாரண முகப் படம் கிடைத்தாலே போதும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அதை ஆபாசப் படமாக்கிவிடுகிறார்கள். தன்னை ஒருநாளும் அவ்வாறு படம் எடுக்காத பெண்ணுக்கும் இந்தத் தீங்கு நேர்கிறது. அப்படியிருக்க, "எடுக்காதே" என்ற ஒற்றை அறிவுரை யாரைக் காக்கும்?

2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று, ஜெனிபர் லாரன்ஸ் உள்ளிட்ட ஆலிவுட் நடிகையர் பலரின் அந்தரங்கப் படங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. இது தொடர்பான விசாரணையில் சிக்கிய ஒருவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்தவர். அவர் கையாண்ட முறையில் பெரிய விஞ்ஞானம் ஏதுமில்லை. ஆப்பிள், கூகுள் நிறுவனங்கள் அனுப்புவது போலப் போலி மின்னஞ்சல்களை அனுப்பினார். நம்பியவர்கள் கடவுச்சொல்லைத் தந்தார்கள். இப்படியாக 50 ஐகிளவுட் கணக்குகளிலும் 72 ஜிமெயில் கணக்குகளிலும் நுழைந்த அவருக்கு 2016-இல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் படங்களை இணையத்தில் கொட்டியவர் அவர்தான் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அப்படியானால் அந்தப் படங்களை உலகெங்கும் கொண்டு சென்றவர்கள் யார்? பெயர் தெரியாத இலட்சக்கணக்கான கைகளும் கண்களும் அல்லவா? ஜெனிபர் லாரன்ஸ் அவ்வாண்டு ஒரு பேட்டியில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். இது வெறும் வம்புச் செய்தியன்று, பாலியல் குற்றம் என்றார். அப்படங்களைப் பார்த்தவர்களும் அக்குற்றத்தைத் தொடர்ந்து நடத்துபவர்களே என்றும் கூறினார். இதைப் படித்தபோது, உறங்கிவிட்ட அந்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தது.

தேயாத பொருள்

திருடுபோன மிதிவண்டி கிடைத்துவிட்டால் திருட்டு அத்துடன் தீர்ந்தது. படம் அப்படியன்று. ஒருவன் ஐவருக்கு அனுப்பி, அந்த ஐவரும் ஆளுக்கு ஐவருக்கு அனுப்பினால், ஆறாவது சுற்றில் மட்டும் அது 15,625 பேரிடம் போய்ச் சேரும். கதிரியக்கப் பொருளுக்குக்கூட அரை ஆயுட்காலம் உண்டு என்று வகுப்பில் படிக்கிறோம். நாளாக ஆக அது தேயும். இணையத்தில் போன படத்துக்கு அந்தத் தேய்வும் இல்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெண்ணின் பணியிடத்துக்கும் அவள் பிள்ளையின் கண்ணுக்கும் அது வந்து சேரலாம். ஆகவே ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் நடப்பது ஒரு புதிய திருட்டு. பார்க்க ஆள் இருப்பதால்தான் அனுப்புகிறார்கள் என்பதையும் மறக்கலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் என்பது கதவும் சுவரும் உள்ள பணக்காரர்களின் கவலை என்று சிலர் கருதுகிறார்கள். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். ஏழைகளுக்கு அது தேவையற்றது என்ற வாதமும் அத்தீர்ப்பில் மறுக்கப்பட்டது. தட்டி கட்டிய குளியலறை உள்ள வீட்டிலிருந்து வந்த எனக்கு அது பெருமை தந்தது. என் தந்தை செருமலால் காத்த ஒன்றைத்தான் நீதிமன்றம் உரிமை என்று பெயரிட்டுச் சொல்லியிருக்கிறது.

ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளின் படத்தை இசைவின்றி எடுப்பதும், வெளியிடுவதும், அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஒரு பெண் படம் எடுக்க இசைந்திருந்தாலும், பிறருக்குப் பரப்ப இசையவில்லை என்றால், பரப்புவது குற்றமே. "ஏன் எடுத்தாள்?" என்ற கேள்விக்குச் சட்டம் தரும் பதில் இதுவே: எடுத்தது அவள் உரிமை, பரப்பியது உன் குற்றம்.

2018 மார்ச்சில் மேற்கு வங்கத்தில், ஒரு பெண்ணின் அந்தரங்கப் படங்களை இணையத்தில் வெளியிட்டவருக்கு ஐந்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் யார் தெரியுமா? ஒரு பொறியியல் மாணவர். நம்மைப் போலப் பாடப்புத்தகம் சுமந்தவர். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கக் காட்சிகளை 48 மணி நேரத்துக்குள் இணையத்திலிருந்து அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. சட்டம் கற்றவரே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்றால், சட்டம் அறியாத ஒரு கிராமத்து மாணவி எங்கே போவாள்?

நாம் செய்ய வேண்டியவை

அவளுக்கு வழி உண்டு என்பதை நாம் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்தில், இவ்வகைப் புகாரைப் பெயர் சொல்லாமலே பதிவு செய்யலாம். மிரட்டல் செய்திகளை அச்சத்தில் அழித்துவிடக் கூடாது, அவையே சான்று. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற சேவையும் உண்டு. அதில் படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் அடையாள எண்ணைக் கைப்பேசியே கணக்கிட்டுத் தரும். அந்த எண் மட்டும் வெளியே செல்லும். திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்கள் அந்த எண்ணைக் கொண்டே படத்தை அடையாளம் கண்டு தடுக்கும். திருடுவதற்குப் பயன்படும் அறிவியல் காப்பதற்கும் பயன்படும் என்பதற்கு இது நல்ல சான்று.

பேராசிரியப் பெருமக்களுக்குப் பணிவான ஒரு விண்ணப்பம். இப்படி ஒரு துன்பத்தோடு ஒரு மாணவி உங்கள் அறை வாசலில் வந்து நின்றால், "ஏன் எடுத்தாய்?" என்று கேளாதீர்கள். அவளைக் கேட்காமல் அவள் வீட்டுக்குத் தொலைபேசி செய்துவிடாதீர்கள். அந்த ஓர் அழைப்பு அவளுடைய கடைசிக் கல்லூரி நாளாகிவிடக்கூடும். புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களை எப்படி அணுகுவது என்பதை முதலாண்டுத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் சொல்லுங்கள். அந்தப் படிப்பு நிற்காமல் காப்பதே முதல் உதவி.

மாணவ நண்பர்களே! "அவளும் உன் தங்கை போலத்தானே" என்று மேடையில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தங்கை இல்லாதவனுக்கும் இந்த அறம் உண்டு. அவள் எவருடைய தங்கையாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவள் உடலும் அவள் படமும் அவளுடையவை. அவ்வளவுதான்.

சட்டம் அனுப்பியவனைத் தண்டிக்கும். பார்த்துவிட்டுப் பேசாமல் உறங்கியவனை எந்தச் சட்டமும் தேடி வராது. அவனைக் கேள்வி கேட்க அவன் மனச்சாட்சி ஒன்றுதான் உண்டு. அந்த இரவு நான் படத்தைத் திறக்காமல், "இதை அழித்துவிடு, அனுப்பியவன் யார்?" என்று குழுவில் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒருவன் எழுதியிருந்தால் இன்னொருவனுக்கும் துணிவு வந்திருக்கும். நான் எழுதவில்லை. அந்த ஒரு வரியைத்தான் காலம் கடந்து இந்த ஆண்டு மலரில் ஒரு கட்டுரையாக எழுதியிருக்கிறேன்.

எங்கள் தெருத் தங்கை இந்த ஆண்டாவது கல்லூரியில் சேர வேண்டும் என்று என் தந்தையும் நானும் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசி வருகிறோம். அவள் தகப்பனார் இன்னும் இசையவில்லை. "உங்க காலேஜ் பசங்க எப்படி இருப்பாங்க தம்பி?" என்று என்னைக் கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? அந்தப் பதில் நம் ஒவ்வொருவருடைய கையில் இருக்கிறது. அந்தக் கையில் கைப்பேசியும் இருக்கிறது.