சிரித்துக்கொண்டே வாசிக்கிற பாட்டா இது?

நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து முதியோர் மையத்துக்கும் போவேன். அங்கே ஒருவர் பியானோவில் பழைய அமெரிக்கப் பாடல்கள் வாசிப்பார். சென்ற முறை 'பிரதர், கேன் யூ ஸ்பேர் எ டைம்?' வந்தது. டைம் என்றால் இங்கே நேரமல்ல, பத்து சென்ட் காசு. அதைத் துள்ளலாக, சிரித்த முகத்தோடு இரண்டே நிமிடத்தில் முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை.

அது 1932-இல் வந்த பாட்டு. அடுத்த ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. பாட்டை எழுதிய யிப் ஹார்பர்க், 1929 சரிவில் மின்சாதன வியாபாரம் திவாலாகிப் பாடலாசிரியர் ஆனவர். இசையமைத்த ஜே கார்னி, ரஷ்யப் பேரரசில் சிறுவனாகக் கேட்ட தாலாட்டிலிருந்து மெட்டை எடுத்தார். ரயில்பாதை போட்டவன், கோபுரம் கட்டியவன், போருக்குப் போனவன் இன்று ரொட்டிக்காக வரிசையில் நிற்கிறான். அவன் வெறும் பிச்சை கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறான்.

"கவலையை மறக்கத்தானே அந்தக் காலத்துப் பாட்டுகள்?" என்றார் வாசித்தவர். பாதி உண்மை. 1933-இல் வந்த 'கோல்ட் டிக்கர்ஸ்' படம் கையில் பணம் புரளுவதாகப் பாடித்தான் தொடங்குகிறது. ஆனால் முடிவது, போரிலிருந்து திரும்பி வேலையின்றி நிற்கும் சிப்பாய்களைப் பற்றிய பாட்டில். மறக்க விரும்பியவர்களும் மறந்துவிடவில்லை.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஓய்வு பெற்ற பிறகு பியானோ கற்ற நானும், 'வெர்ஸ்' என்கிற தொடக்கப் பகுதியை விட்டுவிட்டு, தெரிந்த மெட்டுக்கு நேரே தாவியவன்தான். எதை நம்பி அவன் உழைத்தான் என்பது அந்தத் தொடக்கத்தில்தான் இருக்கிறது. அதை வெட்டினால் மிஞ்சுவது ஹோட்டல் வரவேற்பறைச் சங்கீதம்.

பியானோவுக்குச் சொல் கிடையாது. சொல் செய்ய வேண்டிய வேலையை விரல்தான் செய்ய வேண்டும். ஆகவே வெர்ஸை வாசியுங்கள். வேகத்தைக் குறையுங்கள். மைனரில் அமைந்த மெட்டை அலங்காரத்தால் மூடாதீர்கள். இடது கை நடந்து களைத்த கால்போல ஒலிக்கட்டும்.

முதியவர்கள் சோர்ந்துவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். அவர்களில் பலரின் அப்பா, தாத்தா நின்ற வரிசை அது.