பழங்குடியினர் கையில் மரபணு அட்டை: பாதுகாப்பு யார் கையில்?

புதுதில்லி: திருமணத்துக்கு முன் மணமகன், மணமகளின் ரத்தப் பரிசோதனை அட்டைகளை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று பழங்குடியின மக்களுக்கு அறிவுறுத்துகிறது மத்திய அரசு. ஜாதகப் பொருத்தம் போல இது மரபணுப் பொருத்தம்.

2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தை, 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேச மாநிலம் ஷாதோலில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதித்து, 2047-க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. இந்தியாவில் இக்குறைபாடு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1952-இல், நீலகிரி மலைவாழ் மக்களிடம்.

அட்டையின் பின்னால் உள்ளது பள்ளிப் பாடத்தில் வரும் மெண்டல் கணக்குதான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெறும் குழந்தைக்கே நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயாளி அல்லர். அதைச் சுமப்பவர் மட்டுமே. சுமப்பவர்கள் இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீதம், சுமப்பவராக இருக்க 50 சதவீதம், இரண்டும் இல்லாதிருக்க 25 சதவீதம் வாய்ப்புண்டு. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் இதே கணக்கு புதிதாகத் தொடங்கும். மூத்த பிள்ளைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்று பிள்ளைகள் தப்பிவிடும் என்று நம்புவது தவறு. கிராமத்தில் ஆலோசனை கூறும் ஊழியருக்கு இதை விளக்கிச் சொல்லத் தெரிய வேண்டும்.

'ஒழிப்பு' என்ற சொல்லும் சற்று மிகையானதே. சுமப்பவர் ஒருவர், ரத்தத்தில் இத்தகைய குறைபாடு எதுவும் இல்லாதவரை மணந்தால் நோயுள்ள குழந்தை பிறக்காது. ஆனால், சராசரியாகப் பாதிக் குழந்தைகள் சுமப்பவர்களாகவே பிறப்பார்கள். குறையும் என எதிர்பார்க்கக் கூடியது நோய், மரபணு அன்று. மலேரியாவிலிருந்து ஓரளவு காத்ததாலேயே அது தலைமுறைகளைக் கடந்து நிலைத்திருக்கிறது.

இந்த அட்டை பெண் வீட்டாருக்கே பாதகமாக முடியும் என்ற அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. 2019-இல் மக்களவையில் அறிமுகமான தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, மரபணு, உடல்நலம், பழங்குடி அடையாளம் ஆகிய விவரங்களைக் கூடுதல் பாதுகாப்புக்குரியவை எனத் தனியே வகைப்படுத்தியிருந்தது. அம்மசோதா 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அந்தத் தனிப் பிரிவு இல்லை. அதாவது, பரிசோதனைத் திட்டம் தொடங்கிய அடுத்த மாதமே!

அரிவாள் செல் நோயாளிகளை மாற்றுத்திறனாளிகளாக 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்று, பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. மரபணுவைச் சுமப்பவர்கள் அதன் வரம்புக்குள் வரமாட்டார்கள். திருமணப் பேச்சில் அட்டையை நீட்ட வேண்டியவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம்.