பாண் மெசின்: வாங்க முன்னரும் வாங்கிய பின்னரும்



நான் போய்வரும் கிராமங்களில் அண்மைக்காலமாக ஒரே விடயத்தைப் பலரும் கேட்கிறார்கள். வீட்டில் பாண் சுடும் மெசின் பற்றிய கேள்வி அது. சில வீடுகளில் அது ஏற்கனவே இருக்கிறது. கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. எப்படிப் பாவிப்பது என்று தெரியாமல் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. வேறு சிலர், "கடன் எடுத்து ஒண்டு வாங்கினா பாண் வித்துச் சீவிக்கலாமோ?" என்று கேட்கிறார்கள். கடன் சம்பந்தப்பட்டிருப்பதால் இந்த இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சீவிக்க முடியாது. கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு பாணைக் குழைத்து, பொங்க வைத்து, சுட்டு முடிக்க இந்த மெசினுக்குச் சாதாரணமாக மூன்று முதல் நான்கு மணித்தியாலம் பிடிக்கும். அடுத்ததைப் போட முன்னர் அது ஆற வேண்டும். விடிய நான்கு மணிக்குத் தொடங்கினாலும் இரவாகும்போது நான்கு பாண்தான் கையில் இருக்கும். பேக்கரிப் போறணையில் ஒரே தடவையில் எத்தனை பாண் இறங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். மாவை மூடை மூடையாக வாங்குகிற பேக்கரிக்காரரோடும், பாட்டுப் போட்டுக்கொண்டு வாசலுக்கே வருகிற பாண் ஓட்டோவோடும் கிலோக் கணக்கில் மா வாங்கும் நாம் விலையில் போட்டி போட முடியாது. கிழமைக்குக் கிழமை கட்டுக்காசு கேட்டு ஆள் வரும் கடனை இதற்காக எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். நாள் முழுக்க இடைவிடாமல் ஓடுவதற்காக இந்த மெசின் செய்யப்படவும் இல்லை.

அப்படியென்றால் இது யாருக்குப் பயன்? கையால் மா குழைக்க முடியாதவர்களுக்கு. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு அக்காவுக்கு 2009இல் செல் பட்டு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. "றொட்டிக்குக் குழைக்கேக்க சட்டி சுத்தும் தங்கச்சி. காலுக்குள்ள இடுக்கிக்கொண்டுதான் குழைக்கிறனான். ஆரும் வந்தா வெக்கமாயிருக்கும்," என்றார். லண்டனிலிருந்து தம்பி அனுப்பிய மெசின் இப்போது அவருக்காகக் குழைக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற்குப் பாண் கொண்டுபோகிறார்கள். பணிசுக்கும் அதிலேயே குழைத்து எடுக்கிறார். தோளில் சன்னம் இருப்பவர்கள், மூட்டு வருத்தக்காரர், விரல்கள் மடங்காதவர்கள் என்று நம்மிடையே இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை ஆடம்பரப் பொருள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த மெசினின் கதையும் கையோடு தொடர்புபட்டதுதான். ஜப்பானில் மற்சுசிற்றா கம்பனி 1987இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் மெசின் குழைத்த மா சரிவரவில்லை. அங்கு வேலை செய்த இக்குக்கோ தனக்கா என்ற பெண், ஒசாக்காவில் ஒரு ஹோட்டலின் தலைமைப் பாண் செய்பவரிடம் போய்ப் பழகினார். அவர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டாராம். அந்த முறுக்கை மெசினுக்குள் கொண்டுவரவே வாளியின் உட்பக்கத்தில் வரம்புகள் வைத்தார்கள். மாப் பிசையும் கைக்கு எவ்வளவு அறிவு இருக்கிறது பாருங்கள். நாம் அதை ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை.

இனி, வெளிநாட்டிலிருந்து வருகிற மெசினைப் பற்றி. எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பாருங்கள். நமது மின்சாரம் 230 வோல்ற்று. லண்டன், சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே ஆகிய இடங்களிலும் கிட்டத்தட்ட அதுவே. எனவே அங்கிருந்து வருபவை இங்கு வேலை செய்யும். தேவைப்பட்டால் நில இணைப்போடு பொருந்தும் பிளக் ஒன்றை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு மாற்றினால் போதும். கனடாவில் 120 வோல்ற்று. அதை அப்படியே இங்கு செருகினால் மெசின் எரிந்துபோகும். மின்மாற்றி வைத்தால் பாவிக்கலாம் என்பார்கள். ஆனால் மெசினின் வாற்று அளவைவிடக் கூடிய மின்மாற்றி தேவை. அதற்கு விலையும் பாரமும் அதிகம். மின்னோட்டத்தின் அலைவு அங்கு 60, இங்கு 50. இதை மின்மாற்றி மாற்றாது என்பதால் மோட்டரின் வேகமும் குறையலாம். கனடாவிலுள்ள பிள்ளை கேட்டால், "மெசின் வேண்டாம் மகள், அந்தக் காசை அனுப்பு, இங்க வாங்குவம்" என்று சொல்லுங்கள். மெசினின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ற்று அளவு எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் செருக வேண்டாம்.

கடையில் வாங்குவதென்றால், பன்னிரண்டு வகைப் பாண், இருபது வகைப் பாண் என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். சாதாரணப் பாண், குழைத்துப் பொங்க வைப்பது மட்டும், சுடுவது மட்டும் என்ற மூன்றும் இருந்தால் போதும். துடுப்பும் வாளியும் தேய்ந்தால் தனியாக வாங்கலாமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். துடுப்பு இல்லையென்றால் மெசின் வெறும் பெட்டிதான். ஒரு கையால் பாவிப்பவர் கடையிலேயே வாளியைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். சிலவற்றில் வாளியைத் திருகி எடுக்க வேண்டும், அப்போது மெசினையும் சேர்த்துத் திரும்பும். நேராகத் தூக்கும் வகை இலகுவானது. மின்சாரச் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு பாணுக்கு ஏறக்குறைய அரை அலகு, அல்லது அதிலும் குறைவு.

மா விடயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிட்டுக்கும் இடியப்பத்திற்கும் அவித்து அரித்து வைத்திருக்கும் கோதுமை மா பாணுக்கு உதவாது. பச்சைக் கோதுமை மாவில் உள்ள புரதம்தான் தண்ணீரோடு சேர்ந்து இழுபட்டு, காற்றைப் பிடித்துவைக்கிறது. அவித்தால் அந்த இழுவை போய்விடும். குரக்கன் மாவிலும் அந்த இழுவை கிடையாது. சத்துக்காகச் சேர்ப்பதென்றால் மொத்த மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஈஸ்ற் வேறு, அப்பச்சோடா வேறு. முன்பு அப்பத்திற்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைத்தோமே, அந்தக் கள்ளில் இருந்து பொங்க வைத்ததும் ஈஸ்ற்தான். குளிர்சாதனப்பெட்டி இல்லாதவர்கள் சின்னப் பைக்கற்றாக வாங்குங்கள். பழையது என்ற சந்தேகம் இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சிறிது சீனியோடு கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். நுரைக்காவிட்டால் அது செத்துவிட்டது.

அளவு இது: தண்ணீர் 250 மில்லிலீற்றர், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, மா 400 கிராம், உடனடி ஈஸ்ற் ஒரு தேக்கரண்டி. துடுப்பை மாட்டிவிட்டு இதே ஒழுங்கில் வாளியில் போடுங்கள். மாவின் நடுவில் சின்னக் குழி செய்து ஈஸ்ற்றைக் கடைசியாக வைக்க வேண்டும். சில மெசின்களுக்கு இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கும். அவற்றுக்குக் கூட வந்த கையேடு சொல்வதே சரி. இதில் நாம் கடையில் வாங்கும் 450 கிராம் றாத்தல் பாணை விடக் கொஞ்சம் பெரிய பாண் கிடைக்கும். மாவைக் கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுங்கள். தராசு இல்லாவிட்டால், கடையில் 400 கிராமாக நிறுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம்.

போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடாதீர்கள். பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். மா ஒரு வழவழப்பான உருண்டையாகச் சுழல வேண்டும். கூழாக ஒட்டினால் ஒரு மேசைக்கரண்டி மா, காய்ந்து உதிர்ந்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். குழைக்கும்போது மெசின் அதிர்ந்து நகரும். மேசை விளிம்பில் வைக்காமல், அடியில் ஒரு இறப்பர் விரிப்பைப் போட்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக் குசினியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதில் இளஞ்சூட்டுத் தண்ணீர் என்று இருந்தாலும் நமது சித்திரை வைகாசி வெயிலுக்குப் பானைத் தண்ணீரே போதும். பாண் உயரமாகப் பொங்கி நடுவில் குழிந்து விழுந்தால், அடுத்த முறை ஈஸ்ற்றைக் கால் தேக்கரண்டி குறையுங்கள். இரவில் போட்டு விடிய எடுக்கும் நேரக்கணிப்பான் பல மெசின்களில் உண்டு. பால், முட்டை சேர்த்தால் அதைப் பாவிக்க வேண்டாம், வெக்கையில் பழுதாகிவிடும்.

மணி அடித்ததும் பாணை வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளே விட்டால் வியர்த்து ஈரமாகும். வாளி கடும் சூடு, தடித்த துணி இல்லாமல் தொட வேண்டாம். ஒரு மணித்தியாலம் ஆறிய பிறகே வெட்டலாம். ஒரு கையால் வெட்டுபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மரப்பலகை ஒன்றில் துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளைக் கீழிருந்து மேலே வரும்படி அடித்து, பாணை அதில் குத்தி வைத்தால் அசையாது. பாவிக்காத நேரம் ஆணி முனைகளில் தக்கை செருகிவிடுங்கள். துடுப்பு வாளியோடு ஒட்டிக்கொண்டால் கத்தியால் கிளற வேண்டாம், உட்பூச்சு உரிந்துவிடும். வாளிக்குள் சுடுதண்ணீர் விட்டு அரை மணித்தியாலம் வைத்தால் கழன்றுவிடும்.

மின்சாரம் நின்றுபோனால்? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. சில மெசின்கள் சில நிமிடத் தடையைத் தாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடரும். மற்றவை முதலிலிருந்து தொடங்கும். குழைத்து முடிந்து பொங்கும் நேரத்தில் நின்றால் மாவை அப்படியே மூடி வையுங்கள். மின்சாரம் வந்ததும் 'சுடுவது மட்டும்' என்பதை அழுத்தலாம். வராவிட்டால் மாவை வெளியே எடுத்து, கையில் எண்ணெய் தடவித் தட்டி, தாச்சியில் மெல்லிய நெருப்பில் மூடி சுடுங்கள். கட்டைச் சம்பலோடு சாப்பிட நன்றாயிருக்கும்.