நங்கூரம் மாற்றும் முன்

கடலற்ற பெங்களூரில் இருந்துகொண்டு நங்கூரத்தைப் பற்றி எழுத முற்படுவது ஏன் என்று அன்பர்கள் வியக்கக்கூடும். காரணம் இதுதான்.

லிங்கராஜபுரத்தில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நம்மைக் காண வந்திருந்தார். தஞ்சை மாவட்டத்தில் மல்லிப்பட்டினத்தை அடுத்த சிற்றூர் அவருக்குப் பூர்வீகம். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், அவரும் அவர் தம்பியும் சேர்ந்து 18 அடி நீளமுள்ள மோட்டார்ப் படகு ஒன்றை அங்கு வாங்கி வைத்துள்ளனர். மீன் பிடிப்பதற்கு அன்று. கோடை விடுமுறையில் பேரக் குழந்தைகளைச் சிறிது தூரம் கடலில் அழைத்துச் சென்று வருவதற்கே. அல்சூர் ஏரியன்றி வேறு நீர்ப்பரப்பு அறியாத அக்குழந்தைகளுக்கு அது பெருங்களிப்பு.

சென்ற கோடையில், கரையிலிருந்து ஒரு மைல் தொலைவில் படகின் இயந்திரம் நின்றுவிட்டது. காற்றோ கரையிலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. நான்கு கொக்கிகள் உடைய சிறு நங்கூரத்தை உடனே இறக்கினர். அது சேற்றைக் கீறிக்கொண்டு படகின் பின்னாலேயே வந்தது! அவ்வழியே வந்த மீனவர்கள் படகைக் கட்டியிழுத்துக் கரை சேர்த்திராவிடில் என்ன ஆகியிருக்குமோ! “இதனினும் இருமடங்கு கனமான நங்கூரம் வாங்கிவிடலாமா?” என்பதே அன்பரின் வினா.

கனம் மட்டுமே படகை நிறுத்திவிடும் என்று எண்ணுவது பலரும் செய்யும் பிழை. சிறு படகின் நங்கூரம் தன் எடையால் நிறுத்துவதினும், நிலத்தில் புதைந்து பற்றுவதாலேயே மிகுதியும் நிறுத்துகிறது. ஆகவே முதலில் அறிய வேண்டுவது அடிநிலத்தின் தன்மை. கொக்கி நங்கூரம் பாறையிடுக்கில் மாட்டிக்கொள்ளும். சேற்றிலும் மணலிலும் அதன் மெல்லிய கொக்கிகளுக்குப் பிடிப்பில்லை. மடித்து வைக்கலாம், விலையும் குறைவு என்பதனாலேயே பலர் அதனை வாங்குகின்றனர்.

சேற்றுக்கும் மணலுக்கும் ஏற்றவை வேறு. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜி. ஐ. டெய்லர் 1933இல் கலப்பைக் கொழு வடிவில் ஒரு நங்கூரத்தை வகுத்தார். நீரில் இறங்கும் விமானங்களுக்கென எண்ணப்பட்ட அது பின்னர் உல்லாசப் படகுகளில் பரவியது. இரண்டு அகன்ற தகடுகள் உடைய டான்ஃபோர்த் நங்கூரம், இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்கும் படகுகளுக்குப் பயன்பட்டது. எடை குறைந்ததாயினும் மணலிலும் சேற்றிலும் நன்கு பற்றும். ஆனால் காற்று திசை மாறிப் படகு சுழலும்போது பெயர்ந்துவிடுவதும் உண்டு. 2004இல் நியூசிலாந்தின் பீட்டர் சுமித் வகுத்த ரோக்னா போன்ற புதியவகைகளில் மேலே ஒரு வளைகம்பி உண்டு. எப்படி விழுந்தாலும் கூர்முனை நிலத்தை நோக்கித் திரும்பிப் புதைய அது உதவுகிறது. நம் அன்பரின் கடற்கரைக்குக் கலப்பை வகையோ இப்புதுவகையோ தக்கது என்பது நம் கருத்து. அளவைப் பொறுத்தவரை, செய்தவர் தரும் அட்டவணையில் தம் படகின் நீளத்திற்குரியதைப் பார்த்து, அதற்கு ஒரு படி பெரியதை வாங்குதல் நலம்.

இவ்வளவும் கூறியபின், “பழைய நங்கூரத்தின் கயிறு எத்தனை அடி?” என்று கேட்டோம். அன்பர் தம்பிக்குத் தொலைபேசியில் பேசி அளக்கச் செய்தார். 40 அடி! இயந்திரம் நின்ற இடத்தில் ஆழம் ஏறத்தாழ 12 அடி. படகின் முன்முனை நீர்மட்டத்திற்கு மேல் 3 அடி. இரண்டும் சேர்ந்து 15. இதனைப் போல் ஏழு மடங்கு, அதாவது 105 அடி கயிறு விட்டிருக்க வேண்டும். கயிறு குறைந்தால் அது நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்துப் பெயர்த்துவிடும். நீண்டு கிடந்தால் கிடையாக இழுத்து மேலும் புதைக்கும். அக்குறுங்கயிற்றில் கட்டியிருந்தால் உலகின் மிகச் சிறந்த நங்கூரமும் சரியாகப் பற்றியிராது.

எனவே நங்கூரத்தோடு கூட வாங்க வேண்டியவை சில உண்டு. நைலான் கயிறு இழுவிசைக்கு நீண்டுகொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு சுழல்விசிறியில் சிக்கும், ஆகாது. நங்கூரத்திற்கும் கயிற்றிற்கும் இடையே படகின் நீளத்திற்குத் துத்தநாகம் பூசிய சங்கிலி வேண்டும். இணைப்பு வளையத்தின் திருகாணி கழலாதபடி கம்பியால் கட்டுக. கயிற்றின் மறுமுனை படகின் முன்புறத்தில் உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். பின்புறத்தில் ஒருபோதும் கட்டலாகாது. தாழ்ந்த பின்பகுதி வழியே அலை புகுந்து படகு மூழ்கக்கூடும். புது நங்கூரத்தை முதல்நாளே, இயந்திரம் ஓடும் நிலையில், இறக்கிப் பின்னோக்கி மெல்ல இழுத்துச் சோதிக்கவும். கரையில் ஒரு பனையையும் அதன் பின்னே ஒரு கோபுரத்தையும் நேர்கோட்டில் குறித்துக்கொண்டால், படகு நகர்கிறதா என்பது உடனே புலப்படும்.

மற்றொன்றும் மறத்தலாகாது. அப்பகுதிக் கடலின் அடியில் கடற்புல் வெளிகள் உள்ளன. அவற்றை மேயும் கடற்பசுவைக் காக்கவே தமிழக அரசு 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. புல்லின்மேல் இறக்கிய நங்கூரம் வேரோடு புல்லைப் பெயர்க்கும்; தானும் நிலத்தில் ஊன்றாது வழுக்கும். ஆகவே வெற்றுச் சேறும் மணலும் உள்ள இடம் எது என்று அவ்வூர் மீனவப் பெரியோரிடம் கேட்டறிதல் இரு வகையிலும் நன்மையே.

அன்பர் முதலில் 120 அடி கயிறும், சங்கிலியும், பிறகே நங்கூரமும் வாங்குவதாகக் கூறி விடைபெற்றார். வரும் கோடையில் ஊருக்குச் செல்லும் நம் குடும்பங்களுள் படகு ஏறுவோர், குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை அணிவித்தபின், “நங்கூரக் கயிறு எத்தனை அடி?” என்ற ஒரு கேள்வியையும் படகோட்டியிடம் கேட்பீர்களாக. அவர் சற்றுச் சினந்தாலும் தாழ்வில்லை.